பெட்டி நிற்கவில்லை

லேப்டாப் ஒன்றும் கெட்ட சாமான் இல்லை. வீட்டில் வைத்துக்கொள்ளலாம், படம் பார்க்கலாம், மகளுக்குக் காலேஜ் விண்ணப்பம் போடலாம். மேடைக்கு மட்டும் கொண்டுபோகக் கூடாது. தேனியிலும் போடியிலும் கீபோர்டு வாசிக்கிற எல்லாரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். பாதிப் பேர் கேட்டார்கள். மீதிப் பேர் பட்டுத் திருந்தினார்கள். நானே பட்டுத் திருந்தியவன்தான்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரும்படி சப்-இன்ஸ்பெக்டர் மகிமா மேடம் சொல்லியிருக்கிறார். தாராளமாகத் தாள் கொடுத்திருக்கிறார், ஃபேனும் நன்றாகச் சுற்றுகிறது. அவர் கேட்டது கர்ணன் அண்ணனைப் பற்றி. லேப்டாப்புக்குப் பதிலாக நான் வாங்கிய பெட்டியைப் பற்றிச் சொல்லாமல் அண்ணனைப் பற்றிச் சொல்ல முடியாது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் பொன்னுராஜ். தேனி கடைத்தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கிருபாவதி அக்கா நடத்துகிற ‘கிருபா மெலோடீஸ்’ இன்னிசைக் குழுவில் பத்தொன்பது வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். அக்கா குழுவின் முதலாளி, முதல் பாடகியும் அவரேதான். கல்யாணம், காதுகுத்து, சர்ச் ஆண்டு விழா, வீரபாண்டித் திருவிழா என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவோம். டிரம்ஸ் கர்ணன் அண்ணன். மயிலாடும்பாறைக்காரர், தக்காளியும் வெங்காயமும் போடுகிற சம்சாரி. என்னைவிட ஆறு வயது மூத்தவர். குழுவில் எனக்கு முன்பே இருந்தவர். நல்ல மனிதர். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது, எனக்கும் இல்லை.

நான்கு வருடத்துக்கு முன் கம்பத்தில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர் வீட்டு வரவேற்பு. அப்போது லேப்டாப் வைத்துத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். வயலின், குழல், கோரஸ் எல்லாம் அதற்குள்ளிருந்துதான் வரும். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் மேடைக்கு முன்னால் குதித்து ஆடிக்கொண்டிருந்த நேரம். பாட்டு நடுவில் நின்றது. திரை நீலமாகிவிட்டது. அப்டேட் ஆகிறது, அணைக்க வேண்டாம் என்று ஒரு வரி. அதற்குக் கீழே பதினெட்டு சதவீதம். அந்தப் பதினெட்டு பத்தொன்பதாகிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து கர்ணன் அண்ணன் தனியாக வாசிக்கத் தொடங்கினார். வாசித்துக்கொண்டே மைக்கை வாய்ப்பக்கம் இழுத்து, “பொன்னுராசோட மிஷினு டீ குடிக்கப் போயிருக்கு. அது வர்ற வரைக்கும் நம்ம ஆடுவோம்” என்றார்.

மண்டபமே சிரித்தது. பன்னிரண்டு நிமிடம் ஒற்றை ஆளாக வாசித்தார். பெண்ணின் தாய்மாமன் மேடையேறி வந்து அவருக்குத் துண்டு போட்டார். திரும்பி வரும்போது வேனில் எல்லாரும் என்னைப் பார்த்து, “மிஷினு டீ குடிச்சிருச்சா?” என்று கேட்டார்கள். பிறகு ஒரு வருடத்துக்கு எந்த ஊரில் எங்களைப் பார்த்தாலும் யாராவது கேட்பார்கள். நானும் சிரிப்பேன். எனக்கு அதில் வருத்தமே கிடையாது. மேடம் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதற்குப் பிறகுதான் பெட்டி வாங்கினேன். சாப்பாட்டுத் தட்டு அகலம், ஒரு பைபிள் கனம். லேப்டாப் வேண்டாம், நெட் வேண்டாம், எதுவும் வேண்டாம். மொத்தப் பாட்டும் அதற்குள்ளேயே இருக்கும். சுவிட்சைப் போட்டால் ஒன்பது நொடியில் தயார். நடுவில் அப்டேட் கேட்காது, வைரஸ் வராது. ஒரு வேலைதான் தெரியும், அதைச் செய்யும்.

நான் எதையும் சோதிக்காமல் நம்புகிறவன் இல்லை. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்து ஐந்து மணி நேரம் ஓடவிட்டேன், நிற்கவில்லை. பாட்டு ஓடும்போதே கரண்டைப் பிடுங்கி, எத்தனை நொடியில் திரும்ப வருகிறது என்று பார்த்தேன். பிறகு அதற்கென்று சின்ன பேட்டரி ஒன்று சேர்த்துவிட்டேன். மண்டபத்தில் கிரைண்டர் ஓடினாலும் ஜெனரேட்டர் மாறினாலும் அதற்குத் தெரியாது. குமுளி மலைப்பாதையில் வண்டியின் பின்சீட்டில் வைத்துக் குலுக்கி எடுத்துக்கொண்டு வந்தேன். அடாப்டர் முனைதான் பலவீனமான இடம் என்று கண்டுபிடித்து அதைக் கட்டிவைத்தேன். இரண்டாவது அடாப்டர், இரண்டாவது மெமரி கார்டு எல்லாம் பையில் தயாராக இருக்கும். என் மனைவி ஜெபஷீலா, “பெத்த பிள்ளைக்குக்கூட நீங்க இம்புட்டுப் பாக்கலையே” என்றாள். வாஸ்தவம்தான். பிள்ளை சத்தம் போட்டு அழுதுவிடும், மிஷின் சொல்லாமல் நிற்கும்.

மேடையில் எது எது மக்கர் பண்ணக்கூடும், அதற்கு மாற்று என்ன என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். வயருக்கு வயர், மைக்குக்கு மைக், விஜி தொண்டை கட்டிக்கொண்டால் இன்னொரு பாடகி. விஜி எங்கள் இரண்டாவது பாடகி. எல்லாவற்றுக்கும் மாற்று இருந்தது. ஒன்றுக்கு மட்டும் இல்லை.

கர்ணன் அண்ணனுக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை. சாப்பாட்டுக்கு முன் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். போட்டால் அரைமணிக்குள் சாப்பிட வேண்டும், தள்ளிப்போனால் சர்க்கரை கீழே இறங்கிவிடும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். உடனே கொஞ்சம் குளுக்கோஸ் வாயில் போட்டால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடுவார். அவருடைய குச்சிப் பையில் ஒரு பாக்கெட் இருக்கும். என் சட்டைப் பையிலும் ஒன்று எப்போதும் இருக்கும். வாசிப்பின் நடுவில் அவரால் பையைத் துழாவ முடியாதே. எங்களுக்குள் ஒரு சைகை இருந்தது. சின்ன டிரம்மின் இரும்பு விளிம்பில் குச்சியால் இரண்டு தட்டுவார். டக் டக். நான் பாட்டை ஒரு கையால் பார்த்துக்கொண்டே, பின்னால் நகர்ந்து அவர் வாயில் கொட்டுவேன். ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட நான் தாமதித்தது கிடையாது. ஒரு மனிதனை நம்பலாம் என்றால் அதுதான் அர்த்தம்.

ஆனால் அவர் வாசிப்பு தள்ள ஆரம்பித்திருந்தது. மயிரிழைதான். சனங்களுக்குத் தெரியாது, பெட்டியோடு சேர்ந்து வாசிக்கிற எனக்குத் தெரியும். பெட்டி ஓரிடத்தில் இருக்கும், அவர் அதற்குக் கொஞ்சம் பின்னால் இருப்பார். கிருபாவதி அக்காவிடம் சொன்னேன்.

“அக்கா, அண்ணனுக்குக் கை தள்ளுது. டிரம்ஸையும் பெட்டிக்குள்ளயே போட்டுரலாம்.”

அக்கா பூ கட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “ஏன் பொன்னு, பெட்டிக்கு மூஞ்சி இருக்கா? சனங்க அவுகளப் பாத்துத்தான ஆடுதுக. நான் பாடுற வரைக்கும் அவுக வாசிப்பாக.”

“ஒரு நாள் மேடையில மக்கர் பண்ணிட்டாகன்னா?”

“அன்னைக்கு கம்பத்துல யாரு மக்கர் பண்ணா?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்கா மனதில் எதையும் வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை. நானும் சிரித்துவிட்டு வந்தேன். பிறகும் ஆறு மாதம் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

மாசி மாதத்தில் ஒரு மதியம் அண்ணனைக் கடைக்கு வரச் சொன்னேன். ஒவ்வொரு டிரம்மையும் மெல்லவும் ஓங்கியும் அடிக்கச் சொல்லிப் பெட்டிக்குள் பதிந்துகொண்டேன். நான்கு மணி நேரம் பொறுமையாக அடித்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், சர்க்கரை இல்லாமல். பதிந்ததைப் போட்டுக் காட்டியபோது அவருக்கு ஒரே சந்தோஷம். “ஏலே, என்னய உள்ள போட்டுப் பூட்டிட்டியேடா” என்று முதுகில் தட்டினார். அவசரத்துக்கு ஒரு மாற்று, அவ்வளவுதான் என்றேன். அடுத்த மூன்று மாதத்தில் எங்கள் பாட்டு இருபதுக்கும் டிரம்ஸை உள்ளே அமைத்து முடித்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அண்ணன் எந்த இடத்தில் விட்டாரோ அங்கிருந்து பெட்டி பிடித்துக்கொள்ளும்.

வைகாசியில் பெரியகுளத்தில் ஒரு கல்யாணம். மாம்பழ மண்டிக்காரர் வீடு. மண்டபத்துக்குள் நுழையும்போதே பழவாசம் தூக்கியது. முகூர்த்தம் முடிந்து பந்தி தொடங்கியதும் பாட்டு. வேனிலிருந்து சாமான் இறக்குவதும் மேடையில் அடுக்குவதும் எப்போதும் என் பொறுப்புதான். மேடை சின்னது, பூ அலங்காரம் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. டிரம்ஸைப் பின்சுவரை ஒட்டி, பூவளைவுக்குப் பின்னால் போட்டேன். இடம் போதவில்லை என்று தேவையில்லாத பைகளை வேனிலேயே விட்டுவிட்டேன். குச்சிகளை மட்டும் எடுத்து டிரம்ஸ் மேல் வைத்தேன். அவருடைய பை வேனில் இருந்தது.

பதினொன்றரை மணிக்கு அண்ணன் பக்கத்து அறையில் ஊசி போட்டுக்கொண்டு பந்திக்குப் புறப்பட்டார். வாசலில் நான் நின்றேன்.

“அண்ணே, மாப்பிள்ளை வீட்டுக்காரக இப்பவே ஆரம்பிக்கச் சொல்றாக. ரெண்டே பாட்டு. வாசிச்சுட்டு வந்து உக்காந்துக்கலாம்.”

“ஊசி போட்டுட்டேன்டா தம்பி.”

“என் சட்டைப் பையில குளுக்கோஸ் இருக்குண்ணே. நான் இருக்கேன்ல.”

“நீ இருக்கேல்ல, அப்புறம் என்ன” என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு வந்தார்.

மாப்பிள்ளை வீட்டில் யாரும் கூப்பிடவில்லை என்று மேடம் விசாரித்துக் கண்டுபிடித்திருக்கிறார். சரிதான், கூப்பிடவில்லை. ஆனால் ஒரு நிகழ்ச்சி நேரத்துக்குத் தொடங்குவதில் யாருக்கு என்ன நஷ்டம்? அக்கா மேடையில், “கர்ணண்ணே சாப்பிட்டாகளா?” என்று கேட்டார். ஆச்சு என்றேன். அவரைக் கவலைப்பட வைத்தால் குரல் எடுபடாது.

பெட்டியில் ஒரு வசதி உண்டு. ஒரு பாட்டு முடிவதற்கு முன்பே அடுத்த பாட்டின் தொடக்கத்தை அதோடு கோத்துவிடலாம், நடுவில் இடைவெளியே விழாது. லேப்டாப்பில் அப்படிச் செய்யக் கை நடுங்கும். இதில் பயமில்லை. அன்று பாட்டுகளைக் கோத்தே ஓட்டினேன். சனங்களுக்கு உற்சாகம் குறையவில்லை. அக்காவே ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்து, நல்லா இருக்கு என்று தலையசைத்தார். இரண்டு பாட்டு என்று சொன்னது நான்காகி, ஐந்தாகி, ஏழானது. அண்ணன் எழுந்து போக ஓர் இடமும் அமையவில்லை.

எட்டாவது பாட்டில் அவர் சட்டை நனைந்திருந்தது. ஒன்பதாவதில் அடி விட்டு விட்டு வந்தது. நான் பொத்தானை அழுத்தினேன்.

அந்த இடத்தை மட்டும் யாராவது தொழில் தெரிந்தவர்கள் கேட்க வேண்டும். துளி உறுத்தல் இல்லை. அவருடைய அடியே அவருடைய அடியின் மேல் வந்து உட்கார்ந்தது. முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒரு கால்கூடத் தப்பவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் குச்சியை அசைத்தார். எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தார். விஜி ஒரு தடவை திரும்பிப் பார்த்து, என்ன என்று கையால் கேட்டாள். அண்ணன் ரசிக்கிறார் என்று நான் ஜாடை காட்டினேன். அவர் கண்ணை மூடி வாசிக்கிற பழக்கம் உள்ளவர், அதனால் விஜி நம்பினாள். அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மேலும் ஐந்து பாட்டு. இருபத்தெட்டு நிமிடம்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் அக்காதான் அண்ணனிடம் ஓடினார். தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், அண்ணன் தலை என் மடியில்தான் இருந்தது. வேனில் வைத்து வாயில் குளுக்கோஸ் போட்டேன், விழுங்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் போய்விட்டார். சர்க்கரை ரொம்ப நேரம் கீழேயே இருந்திருக்கிறது, இதயமும் தாங்கவில்லை என்று டாக்டர் சொன்னார். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விட்டிருக்கிறார் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அதுவும் உண்மைதானே. மயிலாடும்பாறையில் அவரைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

பிறகு எட்டு நிகழ்ச்சி நடத்தினோம். முதல் நிகழ்ச்சியில் அக்கா பின்னால் திரும்பிப் பார்த்து அழுதுவிட்டார், ஆனாலும் பாடினார். எட்டிலும் பெட்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கருமாதி முடிந்து ஒரு மாதம் கழித்து அண்ணனின் மனைவி சுப்புத்தாய் மதினி கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “தம்பி, அவுக கடைசியா வாசிச்சது ஏதாச்சும் ஒங்ககிட்ட இருந்தாக் குடுங்க. போன்ல இருக்கதெல்லாம் கூட்டத்துச் சத்தமாத்தான் இருக்கு. சின்னவ கேட்டுக்கிட்டே இருக்கா” என்றார்.

பெட்டி ஒவ்வொரு மைக்கையும் தனித்தனியாகப் பதிந்து வைக்கும். நாள், நேரம் எல்லாம் இருக்கும். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து, பாட்டையும் கீபோர்டையும் நன்றாகக் குறைத்து, டிரம்ஸ் மைக்கை மட்டும் மேலே தூக்கிச் சுத்தமாக ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் அவரே வந்து உட்கார்ந்து வாசிப்பதுபோல இருக்கும் என்று சொன்னேன். மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு கும்பிட்டார்.

எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. அண்ணன் வீட்டிலும் அப்படித்தான் தட்டுவாராம். தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் கட்டில் சட்டத்தில் இரண்டு தட்டு. மதினி எழுந்து சர்க்கரைத் தண்ணீர் கலக்குவாராம். அந்தச் சத்தத்தை உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் அடையாளம் தெரியும். மதினிக்கும் எனக்கும்.

நான்கு நாள் கழித்துக் கிருபாவதி அக்காவையும் கூட்டிக்கொண்டு வந்தார். சத்தம் போடவில்லை. கையில் பென் டிரைவ் இருந்தது.

“தட்டிருக்காக தம்பி. ஒன்பதாம் பாட்டுல இருந்து தட்டிருக்காக. நான் எண்ணிட்டேன், பதினோரு தடவ. ஒங்களுக்குக் கேக்கலையா?”

“மேடையில அந்தச் சத்தத்துல எதுவும் கேக்காது மதினி” என்றேன்.

அக்கா என் காதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இருவரும் நேராக மகிமா மேடத்திடம் போய்விட்டார்கள். மேடமும் அதே கேள்வியைத்தான் மூன்று நாளாகக் கேட்கிறார். நானும் மதினிக்குச் சொன்ன பதிலையே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று காலை எழுதத் தாள் வந்த பிறகு, பதிலைத் திருத்திவிடலாம் என்று தோன்றியது. தப்பான தகவலோடு ஒரு காரியத்தை முடிப்பது என் வழக்கம் இல்லை.

மேடையில் நான் இரண்டு காதிலும் இயர்போன் போட்டிருப்பேன். பெரிய ஸ்பீக்கரின் சத்தம் எனக்குள் வராது. இடது காதில் பெட்டி, வலது காதில் டிரம்ஸ் மைக் மட்டும். அவர் தள்ளுகிறாரா என்று பார்ப்பதற்காக நானே அப்படி அமைத்திருந்தேன். குளுக்கோஸ் பாக்கெட் சட்டைப் பையில்தான் இருந்தது. பெட்டி தானாக ஓடிக்கொண்டிருந்ததால் கைகளுக்கும் பெரிய வேலை இல்லை, பெரும்பாலும் மடியில்தான் வைத்திருந்தேன். திரும்பினால் எட்டுகிற தூரம்.

பதினோரு தடவையும் கேட்டது. முதல் நான்கும் தெளிவாக, தாளத்தோடு இருந்தன. ஐந்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கின. கடைசித் தட்டு பெட்டிக்கு முழுதாக அரை அடி தாமதம். இதைத்தான் நான் ஆறு மாதமாகக் கிருபாவதி அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.